வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுத்த வீடு

வெள்ளப்பாறைப்புதூரில் புத்திசாலிகளே கிடையாது என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். எங்கள் ஊரில் ஒரு புத்திசாலி இருக்கிறார். பெயர் அர்த்தநாரி. அவரைப் புத்திசாலி என்று ஊரே ஒருமனதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரின் நிலைமையை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் எங்களுக்கெல்லாம் போர்க்கிணறு போடுவதுதான் பிழைப்பு. தண்ணீர் வேண்டுமென்றால் அர்த்தநாரியிடம் வருவார்கள். அவர் தன் கூட்டாளி நாச்சிமுத்துவை அனுப்புவார். நாச்சிமுத்து உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே அடியில் தண்ணீர் என்று கணக்கு. அங்கே இன்னொரு கூட்டாளியான செங்கோட்டுவேல் தன் ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தித் துளை போடுவார். தண்ணீர் வந்தால் மூன்று பேரும் ஒரே ஜீப்பில் வீடு திரும்புவார்கள். வராவிட்டால் ஆளுக்கொரு பாதையாகப் போவார்கள்.

இந்த மூன்று பேரும் ராமேஸ்வரம் தீவில் வில்லா எடுத்துத் தங்கப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அர்த்தநாரியின் ஒரே மகள் மதுமிதாவுக்குப் பெருந்துறைக் காளியண்ணன் மகனைப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்குப் பையனை அதைவிடப் பிடித்துவிட்டது. பாக்கி இருந்தது காளியண்ணனின் ஒரு 'சரி' மட்டும்தான். அவர் லேசில் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டால், கை கழுவி, வெற்றிலை போட்டு, செருப்பு மாட்டிய பிறகுதான் பதில் வரும்.

அந்தக் காளியண்ணன் ஒரு நாள் போன் பண்ணினார்.

"ஏனுங், என்ற மச்சினனுக்கு ராமேஸ்வரத்துத் தீவுல ஒரு வில்லா இருக்குதுங்க. வாடகைக்கு விடறாப்ல. நீங்க கூட்டாளிகளோட போய்த் தங்கியிருங்க. நான் கோயிலுக்கு வர்றேன். கும்பிட்டுப்போட்டு அங்க வந்து முடிவைச் சொல்றேனுங்."

அர்த்தநாரியின் மனைவி பூங்கொடிக்கு இது உடனே விளங்கிவிட்டது. "அவிங்க உங்களைப் பார்க்க வரலைங்க. நீங்க அந்த வீட்டை வெச்சிருக்கற லட்சணத்தைப் பார்க்க வர்றாங்க. இந்தச் சம்பந்தம் தட்டிப்போச்சுன்னா இந்தப் பக்கமே வராதீங்க. ஆமா, அந்த ரெண்டு பேரும் எதுக்கு?"

"அவருதான கூட்டாளிகளோடன்னு சொன்னாரு? தனியாப் போனா அவரு பேச்சை மீறின மாதிரி ஆயிராதா?"

கிளம்பும்போது மதுமிதா ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, அங்க போய் எதையும் பண்ணிராதீங்கப்பா" என்றாள். அர்த்தநாரிக்கு மகள் என்றால் உயிர். எதையும் பண்ணுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினார்.

பாம்பன் பாலத்தைத் தாண்டியதும் செங்கோட்டுவேல் ஜீப்பை ஓரங்கட்டினார்.

"மாப்ள, இது தீவுதானா?"

"அதுல உனக்கென்ன சந்தேகம்?"

"தீவுன்னா நாலு பக்கமும் தண்ணி இருக்கோணும்ல? நாம பாட்டுக்கு ரோட்டு மேலயே வந்துட்டம். கால்ல ஈரங்கூடப் படலை."

அர்த்தநாரிக்குத் திக்கென்றது. தீவில் தங்கப் போகிறேன் என்று காளியண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. இது தீவு இல்லையென்றால் சொன்னது பொய். பொய் சொல்லி ஒரு சம்பந்தத்தை ஆரம்பிக்கலாமா? மூவரும் ஜீப்பைவிட்டு இறங்கி யோசித்தார்கள்.

"தண்ணி இருக்குதா இல்லையான்னுதான தெரியோணும்?" என்றார் நாச்சிமுத்து. பையிலிருந்து தேங்காயை எடுத்தார். கண்ணை மூடி, குலதெய்வத்தை நினைத்து, கிழக்கே ஒரு எட்டு வைத்தார். தேங்காய் எழுந்து நின்றது.

மேற்கே திரும்பினார். நின்றது. வடக்கே, தெற்கே, ரோட்டின் நடுவே, பெட்டிக்கடை ஓரம் என்று எங்கே போனாலும் தேங்காய் படுக்கவே இல்லை. நாச்சிமுத்துவால் நம்ப முடியவில்லை. எங்கள் ஊர்க் காட்டில் நாள் முழுக்க நடந்தாலும் தேங்காய் தொட்டில் பிள்ளை மாதிரித் தூங்கும். அவர் அப்படியே மணலில் இறங்கி, கடலுக்குள் இடுப்பளவு போய் நின்றார். தேங்காய் அப்போதும் விறைப்பாக நின்றது.

"டேய்! கடலுக்குள்ளயும் தண்ணி இருக்குதுடா!" என்று அங்கிருந்து கத்தினார். முகமெல்லாம் கண்ணீர். "நான் தப்பான ஊர்ல பொறந்துட்டன்டா!"

தீவுதான் என்று உறுதியானது. அர்த்தநாரிக்கு மூச்சு வந்தது.

வில்லா தங்கச்சிமடத்துப் பக்கம், தென்னைகளுக்கு நடுவே, வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக இருந்தது. பின்பக்கத்துச் சின்னக் கேட்டைத் திறந்தால் கடல். வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஜெபமாலை என்ற அம்மாள் சாவியோடு காத்திருந்தார். பாம்பனில் தங்கச்சி மகனுக்குச் சர்ச்சில் புதுநன்மை விசேஷம், போய்விட்டு நாளை மறுநாள் காலையில்தான் வருவாராம். அவசர அவசரமாக வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"தண்ணியை மட்டும் பாத்துப் பொழங்குங்கண்ணே. தொட்டி நெறைய லாரித் தண்ணி ஊத்தியிருக்கு. லாரி இனி அடுத்த வாரந்தேன் வரும். மத்தபடி சட்டம்னு ஒண்ணும் பெருசாக் கெடையாது. வந்தப்ப வீடு எப்படி இருந்துச்சோ, போறப்ப அப்படியே இருக்கணும். அம்புட்டுத்தேன்."

சொல்லிவிட்டு ஜெபமாலை போய்விட்டார். மூன்று பேரும் ஹாலின் நடுவில் அப்படியே நின்றார்கள். யாரும் எதிலும் உட்காரவில்லை.

"அப்படியேன்னா எப்படி?" என்று மெல்லக் கேட்டார் செங்கோட்டுவேல்.

"அப்படியேன்னா அப்படியேதான்" என்றார் அர்த்தநாரி.

"அப்ப நாம உள்ள வந்ததே தப்பில்லையா? வந்தப்ப வீட்டுக்குள்ள ஆரும் இல்லையே?"

நியாயமான கேள்வி. அர்த்தநாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போறப்ப எப்படி இருக்கோணும்னுதான அந்தம்மா சொல்லிச்சு? நாம போனதுக்கப்புறம் உள்ள ஆரும் இருக்க மாட்டாங்கல்ல. சரியாப் போச்சு."

கூட்டாளிகள் இருவரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். இந்த மாதிரி நேரங்களில் அர்த்தநாரிக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வரும்.

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் உள்ளே நுழைந்தபோது அது நாலு மணி காட்டியதை நாச்சிமுத்து பார்த்திருந்தார். இப்போது முள் நகர்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் நகர்ந்தது.

"வீட்டுக்காரங்க பொருளு, நம்ம கண்ணு முன்னாலயே எடம் மாறுதேடா" என்று பதறினார் நாச்சிமுத்து.

அர்த்தநாரி நாற்காலிமேல் ஏறக்கூட இல்லை. நாற்காலி நகர்ந்துவிடுமே. செங்கோட்டுவேலின் தோள்மேல் ஏறி, பேட்டரியைக் கழற்றி, முள்ளைத் திருப்பி நாலு மணியில் நிறுத்தினார். பேட்டரியைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு நாளும் நாலு மணிதான்.

படுக்கையறையில் வேறு ஒரு வம்பு காத்திருந்தது. கட்டில்மேல் வெள்ளைத் துண்டுகளை மடித்து இரண்டு அன்னப்பறவைகள் செய்து, கழுத்தோடு கழுத்து ஒட்டிவைத்திருந்தார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது.

"இதுமேல படுத்து எந்திரிச்சா இதே மாதிரி திருப்பிப் பண்ண நம்மனால ஆகுமா?" என்றார் அர்த்தநாரி.

ஆகாது என்று மூவருமே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கடலோரத்து ஏசி வில்லாவை வாடகைக்கு எடுத்த மூவரும், பவானி ஜமக்காளத்தை மொட்டைமாடியில் விரித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் மூன்று பேரின் முகத்திலும் கொசுக்கடி. ஆனால் வீட்டில் ஒரு குண்டூசிகூட இடம் மாறவில்லை. பூங்கொடிக்குப் போன் போட்டு அர்த்தநாரி பெருமையாகச் சொன்னார்: "நாங்க தங்கியிருக்கறமா இல்லையான்னு வீட்டுக்கே தெரியாது."

பெருமைப்பட்டு முடிப்பதற்குள் உள்ளே செங்கோட்டுவேல் முகம் கழுவிவிட்டு வந்து, கை போன போக்கில் ஒரு அன்னத்தை எடுத்து மூஞ்சியைத் துடைத்துவிட்டார். துடைத்த பிறகுதான் துண்டை உற்றுப் பார்த்தார். மற்ற இருவரையும் கை தட்டிக் கூப்பிட்டார்.

மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி முட்டிபோட்டு உட்கார்ந்து அந்தத் துண்டை மடித்தார்கள். பிரித்தார்கள். மறுபடி மடித்தார்கள். கழுத்து நிற்கவில்லை, வால் தொங்கியது. கடைசியில் ஒரு உருவம் வந்தது.

"கோழி மாதிரி இருக்குதே" என்றார் நாச்சிமுத்து.

"அடைகாக்கற கோழி" என்று திருத்தினார் செங்கோட்டுவேல். கோழிப்பண்ணை மாவட்டத்துக் கை, வேறென்ன வரும்?

அர்த்தநாரி நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வந்தப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப இப்பவும் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கோணும்."

மற்ற அன்னத்தையும் பிரித்துக் கோழியாக்கினார்கள். பிறகு இரண்டு கோழிகளையும் கழுத்தோடு கழுத்து ஒட்டிவைத்தார்கள். கோழிகளுக்கு அது பிடித்திருந்ததாகத் தெரியவில்லை.

இந்தத் துண்டு விவகாரத்தில் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. செங்கோட்டுவேல் குளிக்கப் போனார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. போர் போட்டுத் தண்ணீர் வந்ததும் உடனே நிறுத்த மாட்டோம். ஓடவிட்டு உட்கார்ந்து பார்ப்போம். நிற்காமல் வந்தால் நல்ல ஊற்று, குறைந்துகொண்டே வந்தால் மோசமான ஊற்று. செங்கோட்டுவேல் முப்பது வருஷமாக இதைச் செய்கிறார். ஷவரைத் திறந்ததும், குளிக்க வந்ததை மறந்து, வாசலருகே குந்தி உட்கார்ந்து, தண்ணீரின் கனத்தையும் நிறத்தையும் கவனிக்க ஆரம்பித்தார். மத்தியானம் வரை கவனித்தார். பிறகு ஹாலுக்கு வந்து சோகமாகத் தலையை ஆட்டினார்.

"ஊத்து சரியில்லை மாப்ள. பார்த்தப்பவே நெனைச்சேன், இது ஆழமில்லாத மேல் தண்ணிதான்னு. வத்திப்போச்சு."

மேல் தண்ணீர்தான். மொட்டைமாடியில் இருந்தது.

அர்த்தநாரி படியேறி ஓடித் தொட்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "ஐயோ" என்றார். தொட்டியும் "ஐயோ" என்றது. வந்தபோது நிறைந்திருந்த தொட்டி. லாரி அடுத்த வாரம்தான் வரும். காளியண்ணன் நாளைக் காலையில் வருகிறார். அர்த்தநாரியின் கண்ணுக்கு முன்னால், ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற மகளின் முகம் வந்தது. அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பக்கத்தில் கூட்டாளிகள் நின்றதால் கொட்டாவி விடுவது போலச் சமாளித்தார்.

"இதுக்கெல்லாம் எதுக்குடா கலங்கறே?" என்று ஆறுதல் சொன்னார் நாச்சிமுத்து. "நாம ஆரு? தண்ணி கண்டுபிடிக்கறவங்கதான? தோட்டத்துல எங்க வேணும்னாலும் கையைக் காட்டு. தேங்காய் நிக்கும். நாலடி தோண்டினாத் தண்ணி."

"தோண்டினாக் குழி விழுமே. வந்தப்பக் குழி இருந்துச்சா?"

இல்லை. நாச்சிமுத்து தேங்காயைப் பைக்குள் வைத்தார்.

"வீட்டுக்குள்ள கையே வெக்கக் கூடாது" என்றார் அர்த்தநாரி. "தண்ணி வெளியிலிருந்துதான் வரோணும்."

மூவரும் ஒரே சமயத்தில் பின்பக்கத்துக் கேட்டைப் பார்த்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் மதி மயங்கிவிடும். அதுவும் துளை போடாமல், மண்ணுக்கு மேலேயே கிடக்கிறது.

"ஆனா அது உப்பாச்சே" என்று இழுத்தார் செங்கோட்டுவேல்.

இதைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். நேற்று வந்ததும் குடித்த தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் கரித்தது என்றார் நாச்சிமுத்து. கொஞ்சம் இல்லை, நன்றாகவே கரித்தது என்றார் செங்கோட்டுவேல். பேசப் பேசக் கரிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில், தொட்டியில் இருந்தது கடல் தண்ணீர்தான், லாரிக்காரனும் அதைத்தான் ஊற்றியிருப்பான், பக்கத்திலேயே சும்மா கிடக்கும்போது அவன் வேறு எங்கே போய்ப் பிடிக்கப் போகிறான் என்று முடிவாயிற்று.

அன்று பொழுது சாயும்வரை சுமந்தார்கள். செங்கோட்டுவேல் கடலில் நின்று மொண்டு கொடுத்தார். நாச்சிமுத்து மணலில் தூக்கி வந்தார். அர்த்தநாரி படியேறித் தொட்டியில் ஊற்றினார். வழியில் வாளியிலிருந்து சிந்திய தண்ணீரை நாச்சிமுத்துவின் வேட்டியால் துடைத்துக்கொண்டே ஏறினார். கடைசி வாளியில் ஒரு சின்ன மீன் வந்தது. வந்தபோது தொட்டியில் மீன் இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் காளியண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, மேலே திருகிய மீசை. கோயில் தீர்த்தங்களில் குளித்த தலை இன்னும் காயவில்லை.

"வாங்க, வாங்க" என்றார்கள் மூவரும்.

"வந்தனுங்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். ஹாலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். படுக்கையறைக் கதவைத் தள்ளி, ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு கோழிகளை வெகுநேரம் பார்த்தார்.

காளியண்ணன் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது காலை ஒன்பதரை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, வந்த வீட்டில் வம்பு எதற்கு என்பது போல, தன் கடிகாரத்தைத் திருகி நாலு மணி ஆக்கிக்கொண்டார்.

"காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அர்த்தநாரி சமையலறைக்கு ஓடினார். காத்திருந்தால் மத்தியானம் ஆகிவிடும்.

பால் இல்லை. வரக்காப்பிதான். குழாயில் தண்ணீர் பிடித்துக் கொதிக்கவைத்து, தூளைப் போட்டு, சர்க்கரை போட்டு ஒரு வாய் பார்த்தார். உப்பு தூக்கலாக இருந்தது. உப்பை அமுக்கக் கொஞ்சம் சர்க்கரை போட்டார். அமுங்கவில்லை. இன்னும் போட்டார். சர்க்கரை டப்பா காலியாகிற வரைக்கும் போட்டார். இப்போது உப்பும் முழுசாக இருந்தது, சர்க்கரையும் முழுசாக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவே இல்லை.

வேறு வழியில்லை. டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

காளியண்ணன் ஒரு மடக்குக் குடித்தார். நிறுத்தினார். மீசை ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. மறுபடி ஒரு மடக்கு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரை அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

'போச்சு, மதுமிதா, உங்கப்பன் பண்ணிப்போட்டான்' என்று அர்த்தநாரி மனசுக்குள் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. கல்யாணம் பேசி முடிவானதும், இரண்டு வீட்டாரும் சேர்ந்து கடைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொள்வார்கள். உப்புச் சர்க்கரை என்றே அதற்குப் பெயர். அது முடிந்துவிட்டால் அப்புறம் கல்யாணத்தை யாராலும் தட்டிவிட முடியாது.

காளியண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"ஏனுங்... சம்பந்தி" என்றார். "நான் இன்னும் வாயைத் தொறந்து சரின்னே சொல்லலைங்க. நீங்க பாட்டுக்கு உப்புச் சர்க்கரையவே முடிச்சுட்டீங்களே."

அர்த்தநாரிக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏற நேரம் பிடித்தது.

"நானும் வழியெல்லாம் யோசிச்சுட்டுத்தான் வந்தனுங்" என்று காளியண்ணன் தொடர்ந்தார். அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. "சரிங்கறதா, சித்த பொறுக்கச் சொல்றதான்னு. குடிச்சுப்போட்டேன். இனி மாத்த முடியாதுங்க. முறைன்னு ஒண்ணு இருக்குதல்லங்க."

செங்கோட்டுவேல் சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாச்சிமுத்து தேங்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அது அங்கேயும் எழுந்து நின்றது. அர்த்தநாரிக்கு இந்த முறை கொட்டாவியால் சமாளிக்க முடியவில்லை. வாய்விட்டே அழுதார்.

அந்த நேரம் பார்த்து ஜெபமாலை வந்து சேர்ந்தார். பாம்பனிலிருந்து வந்த வெயிலுக்கு முகம் கழுவலாம் என்று நேராகக் குழாயடிக்குப் போனார். அங்கிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"மாதாவே! தொட்டிக்குள்ள கடலையா புடிச்சு வச்சிருக்கீக? ஏண்ணே, குழாய்ல மீனு வருதே!"

நால்வரும் ஓடினார்கள். ஜெபமாலையின் உள்ளங்கையில் அந்தச் சின்ன மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்கக் கேட்க ஜெபமாலை இடுப்பில் இருந்த கையைத் தலைக்குக் கொண்டுபோனார்.

"ஏனுங்க்கா, நீங்க சொன்ன மாதிரியேதான வெச்சிருக்கறம்?" என்று முடித்தார் அர்த்தநாரி. "வந்தப்பவும் தொட்டி நெறைய இருந்துச்சு, இப்பவும் நெறைய இருக்குது."

ஜெபமாலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துபோன முகம். "நல்லாக் கேட்டுக்கங்க. கடல்ல எடுத்த தண்ணி அம்புட்டையும் கடல்லயே கொண்டுபோய் ஊத்துங்க. ஒரு சொட்டு மிச்சம் இருக்கப்படாது. இந்தா, இந்த மீனையும் சேத்து."

இந்த முறை வாளி தூக்கக் காளியண்ணனும் வந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். "சம்பந்தி வீட்டுக் காரியத்துல நான் கையைக் கட்டிட்டு நிக்கறதா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டார். நாலு பேரும் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலில் மீனை விட்டார்கள். தொட்டியைத் துடைத்து, துடைத்த துணியைக் கூடக் கடலில்தான் பிழிந்தார்கள்.

எல்லாம் முடிந்து கரையில் மூச்சு வாங்க நின்றபோது நாச்சிமுத்து விரலை மடக்கி எதையோ யோசித்தார்.

"எல்லாம் சரி. காப்பிக்கு எடுத்தமே, அந்தத் தண்ணி?"

அர்த்தநாரியும் செங்கோட்டுவேலும் நாச்சிமுத்துவும் மெல்லத் திரும்பிக் காளியண்ணனின் வயிற்றைப் பார்த்தார்கள். காளியண்ணனும் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். அலை வந்து போனது.

"விட்ருங்க சம்பந்தி" என்றார் அர்த்தநாரி தவிப்போடு. "ஒரு டம்ளர்தான். அந்தம்மாவுக்குத் தெரியப்போறதில்லை."

"ஏனுங், ஒரு சொட்டுன்னாலும் சொட்டுத்தானுங்களே" என்றார் காளியண்ணன். அந்த ஒரு பதிலுக்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. "குடிச்சது நானுங்க. அது என்ற பொறுப்பு."

மீசையைத் தடவி விட்டுக்கொண்டு, நிதானமாகத் தண்ணீர் ஓரமாகவே நடந்து, ஒரு தாழம்புதருக்கு அந்தப்பக்கம் மறைந்தார். மூன்று பேரும் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். காப்பி குடித்து அதிக நேரம் ஆகாததால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் அர்த்தநாரி பூங்கொடிக்குப் போன் போட்டார்.

"கல்யாண மண்டபம் பாரு, பூங்கொடி. நம்ம பொண்ணு நல்ல எடத்துலதான் வாழப்போகுது. வாங்கினதை ஒரு சொட்டு மிச்சம் வெக்காமத் திருப்பிக் குடுக்கற குடும்பம். இப்பக்கூடக் குடுத்துட்டுத்தான் இருக்கறாரு."